ஆடு மாடுகள் விறைப்பது ஏன்? நரம்பின் கடிவாளத்தை அறுக்கும் நஞ்சுகள்

காயடித்த கிடாக்குட்டி ஒரு வாரம் நன்றாகத்தான் மேய்கிறது. புண்ணும் ஆறிவிட்டது போலத் தெரிகிறது. எட்டாம் நாளோ பத்தாம் நாளோ நடையில் மாறுதல் தெரியும். பின்னங்கால்களை மடக்காமல் கட்டை கட்டையாக எடுத்து வைக்கும். காதுகள் விறைத்து நிமிர்ந்து நிற்கும். வால் தூக்கியபடியே இருக்கும். தழையைப் போட்டால் முகர்ந்து பார்க்கும். ஆனால் வாயைத் திறக்க முடியாது. பக்கத்தில் யாராவது வாளியை 'ணங்' என்று வைத்தால் போதும், அந்த ஓசைக்கே உடல் முழுவதும் வெட்டி இழுக்கும். மறுநாள் நான்கு கால்களையும் பரப்பிக்கொண்டு மரக்குதிரை மாதிரி நிற்கும், அல்லது விழுந்து கிடக்கும்.

இதைக் காற்று சேஷ்டை என்பார்கள் சிலர். பூச்சி கடித்திருக்கும் என்று பச்சிலை தேடிப் போவார்கள் சிலர். இரண்டும் இல்லை. இது ரண ஜன்னி. டாக்டர்கள் டெட்டனஸ் என்று சொல்வது இதைத்தான். மனிதனுக்கு வந்தால் முதுகு வில்லாக வளைந்துவிடுவதால் வில்வாத ஜன்னி, தனுர்வாதம் என்றும் நம் பக்கத்தில் பெயர் வைத்தார்கள்.

இந்நோயில் தசைக்குப் புதிதாக ஏதோ வேகம் வந்துவிட்டது என்றே பார்ப்பவர்களுக்குத் தோன்றும். உண்மை அதற்கு நேர்மாறானது. தசையை அடக்கி வைத்திருந்த ஒரு சிறு மின்சாரம் நரம்புக்குள் ஓடாமல் நின்றுவிட்டது. அது என்ன மின்சாரம், எங்கே ஓடுகிறது என்று தெரிந்துகொண்டால் ரண ஜன்னி மட்டுமல்ல, எட்டிக் கொட்டையின் விஷம், வயலில் தெளிக்கும் சில பூச்சி மருந்துகளின் விஷம், எருமைக் கன்றுக்குக் கொடுக்கும் குடற்புழு மருந்து ஆகியவை எல்லாம் ஒரே கதையின் பகுதிகள் என்பது விளங்கும்.

தளர்வதற்கும் ஆணை வேண்டும்

மாடு முன்னங்காலைத் தூக்குகிறது என்று வைத்துக்கொள்வோம். காலை மடக்கும் தசை சுருங்க வேண்டும். அதே நேரத்தில் காலை நீட்டும் தசை தளர்ந்து இடம் கொடுக்க வேண்டும். இரண்டும் ஒன்றாகச் சுருங்கினால் கால் அசையாது; விறைத்துக்கொள்ளும். ஏரில் பூட்டிய இரண்டு மாடுகளும் எதிரெதிர்த் திசையில் இழுத்தால் ஏர் நகருமா?

ஆகவே தண்டுவடத்திலிருந்து இரண்டு வகை ஆணைகள் போகின்றன. 'சுருங்கு' என்பது ஒன்று. 'சும்மா இரு' என்பது மற்றொன்று. இந்த இரண்டாவது ஆணை நேரே தசைக்குப் போவதில்லை. தசையை இயக்கும் நரம்பணுவின் மேல் வேறு சில சின்ன நரம்பணுக்கள் வந்து தொட்டுக்கொண்டிருக்கும். அவை அந்தப் பெரிய நரம்பணுவை அடக்கி வைக்கும். அது அடங்கினால் தசை தானே தளர்ந்துவிடும். இந்த ஏற்பாட்டை இங்கிலாந்தைச் சேர்ந்த சார்லஸ் ஷெரிங்டன் விரிவாக ஆராய்ந்தார். எட்டி விஷமும் ரண ஜன்னி விஷமும் இந்த அடக்கத்தைக் கெடுத்து, தளர வேண்டிய தசையைச் சுருங்கச் செய்கின்றன என்பதை 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அவர் கண்டிருந்தார். 1932-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

ஆனால் அடக்குவது எப்படி? அதற்கு விடை கிடைக்கப் பல ஆண்டுகள் ஆயின.

நரம்பணுவுக்குள் ஓடும் மின்சாரம்

ஒவ்வொரு நரம்பணுவையும் மெல்லிய தோல் போன்ற சவ்வு மூடியிருக்கிறது. சவ்வுக்கு உள்ளேயும் வெளியேயும் உப்பு நீர்தான். ஆனால் உப்புகளின் அளவு ஒன்றல்ல. சோடியமும் குளோரைடும் வெளியே அதிகம். பொட்டாசியம் உள்ளே அதிகம். இந்த வித்தியாசத்தால் நரம்பணுவின் உட்புறம் வெளிப்புறத்தைவிடச் சுமார் 70 மில்லிவோல்ட் எதிர் மின்னூட்டத்தில் இருக்கும். டார்ச் விளக்குக்குப் போடும் பாட்டரிக் கட்டையில் இருப்பது 1.5 வோல்ட். அதில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்கு.

இந்த 70 குறைந்து 55 என்ற அளவுக்கு வந்தால் நரம்பணு 'வெடிக்கும்'. அதாவது, ஒரு மின் துடிப்பு கிளம்பித் தசை வரையில் ஓடும். தசை சுருங்கும். ஊக்கும் நரம்புகள் செய்வது இந்த 70-ஐக் குறைப்பதுதான். அடக்கும் நரம்புகள் செய்வது அது குறையாமல் பார்த்துக்கொள்வது.

அடக்கும் நரம்பின் நுனியில் நுண்ணிய பைகள் இருக்கின்றன. ஆணை வந்ததும் அவை நுனியின் சவ்வோடு ஒட்டி உடைந்து, தம்முள் இருக்கும் சரக்கை வெளியே கொட்டும். அந்தச் சரக்கு மிகச் சிறிய இடைவெளியைக் கடந்து எதிரே இருக்கும் நரம்பணுவின் மேல் போய் உட்காரும். அது உட்காரும் இடம் ஒரு மடை. ஐந்து பலகைகளை வட்டமாக நிறுத்தி நடுவில் துவாரம் விட்டதுபோல, ஐந்து புரதத் துண்டுகள் சேர்ந்து அமைந்த மடை. சாதாரணமாக அது மூடியிருக்கும். சரக்கு வந்து உட்கார்ந்ததும் திறக்கும். திறந்ததும் வெளியே இருக்கும் குளோரைடு உள்ளே பாயும். குளோரைடு எதிர் மின்னூட்டம் கொண்டது. ஆகவே அது உள்ளே போகப் போக நரம்பணுவின் உட்புறம் எதிர் மின்னூட்டத்திலேயே நிலைத்துவிடும்.

அந்த ஒரு மடை வழியாக ஓடும் மின்சாரம் ஒரு ஆம்பியரில் லட்சம் கோடியில் ஒரு பங்கு என்ற அளவுதான் இருக்கும். கேட்க ஒன்றுமில்லாதது போல இருக்கிறது. ஆனால் அந்த மின்சாரத்தில், ஒரு வினாடியை ஆயிரம் கூறிட்டால் அதில் ஒரு கூறுக்குள் சுமார் 6,000 குளோரைடு அயனிகள் உள்ளே போய்விடுகின்றன. இப்படி ஒற்றை மடையின் மின்சாரத்தை அளக்கும் முறையை ஜெர்மனியில் எர்வின் நேயர், பெர்ட் சக்மான் ஆகிய இருவர் 1976-ல் கண்டுபிடித்தார்கள். இவர்களுக்கு 1991-ல் நோபல் பரிசு கொடுத்தார்கள்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. பல நேரங்களில் நரம்பணு ஏற்கெனவே குளோரைடின் சமநிலைக்கு அருகில் இருக்கும். அப்போது மடை திறந்தும் மின்னழுத்தம் பெரிதாக மாறாது. அப்படியானால் அடக்கம் எங்கே வருகிறது? வாய்க்காலில் உடைப்பு ஏற்பட்டதை நினைத்துக்கொண்டால் புரியும். மேலே எவ்வளவு தண்ணீர் விட்டாலும் கடைமடை வயலில் மட்டம் ஏறாது, வழியிலேயே வழிந்துவிடும். அது போலத்தான் ஊக்கும் நரம்பு கொண்டு வரும் மின்சாரம், திறந்து கிடக்கும் குளோரைடு மடைகளால் வலுவிழந்து போகிறது. 55 என்ற எல்லையை அதனால் எட்ட முடிவதில்லை.

இரண்டு சரக்கு, ஒரே பை

அடக்கும் சரக்குகளில் முக்கியமானவை இரண்டு. ஒன்று கிளைசின். பிரான்சு நாட்டு ஹென்றி பிராக்கோனோ என்பவர் 1820-ல் எலும்பு, தோல் ஆகியவற்றிலிருந்து எடுக்கும் ஜெலட்டினைக் காய்ச்சி இதைப் பிரித்தார். தித்திப்பாக இருந்ததால் அந்தப் பெயர் வந்தது. மற்றொன்று காபா. அது மூளையில் இருப்பதை 1950-ல் அமெரிக்காவில் கண்டார்கள். தக்காளியிலும், முளைகட்டிய பழுப்பரிசியிலும்கூட காபா இருக்கிறது. அதனால் முளைகட்டிய அரிசி தின்றால் நரம்பு அடங்கிவிடும் என்று எண்ண வேண்டாம். ரத்தத்தில் இருக்கும் காபா மூளைக்குள் எளிதில் நுழைவதில்லை. நரம்பணு தனக்கு வேண்டிய காபாவைத் தானே தயாரித்துக்கொள்கிறது.

மூளையில் காபாவின் ஆட்சி. தண்டுவடத்தில் கிளைசினுக்கு மிகுந்த பங்கு உண்டு, காபாவும் உண்டு. இரண்டும் தனித்தனி நரம்புகளின் வேலை என்றே வெகுகாலம் நினைத்திருந்தார்கள். 1998-ல் எலியின் தண்டுவடத்தை ஆராய்ந்த ஜெர்மன் விஞ்ஞானிகள் வேறொன்றைக் கண்டார்கள். ஒரே நரம்பு நுனியில், ஒரே பைக்குள், கிளைசினும் காபாவும் கலந்தே இருந்தன. இரண்டையும் பைக்குள் ஏற்றும் 'சுமைகூலி' ஒரே புரதம் என்பது அதற்கு முந்திய ஆண்டே தெரிந்திருந்தது. பை உடைந்ததும் இரண்டும் ஒன்றாகவே வெளியே வருகின்றன. கிளைசின் தன் மடைகளைத் திறக்கிறது. காபா தன் மடைகளைத் திறக்கிறது. இரண்டு மடையிலும் பாய்வது அதே குளோரைடுதான்.

ஆனால் காலக் கணக்கு வேறு. கிளைசின் மடை சட்டென்று திறந்து சில மில்லி வினாடிகளில் அடைத்துக்கொள்ளும். காபா மடை அதைவிட நெடுநேரம் திறந்திருக்கும். ஆகவே இரண்டும் சேர்ந்து உண்டாக்கும் மின்சாரம் முதலில் வேகமாக எழுந்து விழுந்து, பிறகு மெதுவாகத் தேய்கிறது. ஓடும் மாட்டைக் கயிற்றைச் சுண்டி நிறுத்திவிட்டு, பிறகு விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்கு இதை ஒப்பிடலாம். சுண்டுவது கிளைசின். பிடித்திருப்பது காபா.

இரண்டு மின்சாரமும் எப்போதும் முழுசாகக் கூடிவிடுவதில்லை. ஒரு மடையைத் திறந்து வயலில் நீர் மட்டம் சமமான பிறகு இன்னொரு மடையைத் திறந்து என்ன லாபம்? குளோரைடுக்கும் அப்படித்தான். சமநிலை வந்ததும் ஓட்டம் குறைந்துவிடும். மேலும் காபா மடை நன்றாகத் திறக்க ஒரு காபா துகள் போதாது. இரண்டு உட்கார வேண்டும். பண்டகசாலையில் இரண்டு சாவி போட்டுத் திறக்கும் பூட்டு போல.

பூனையின் தண்டுவடமும் ஒரு பந்தயமும்

அடக்கம் மின்சாரத்தால் நேரடியாக நடக்கிறதா, இடையில் ரசாயனம் வருகிறதா என்று 1930-களிலும் 40-களிலும் பெரிய சண்டையே நடந்தது. நேரடி மின்சாரம்தான் என்று பிடிவாதமாக வாதாடியவர் ஆஸ்திரேலியாவில் பிறந்த ஜான் எக்கிள்ஸ். 1951-ல் நியூசிலாந்தின் டுனெடின் நகரில், நுனி மிக மெல்லியதான கண்ணாடி ஊசியைப் பூனையின் தண்டுவட நரம்பணுவுக்குள்ளேயே செலுத்தி அளந்து பார்த்தார். அடக்கும் ஆணை வந்தபோது உட்புறம் இன்னும் எதிர் மின்னூட்டத்துக்குப் போயிற்று. அவருடைய பழைய கொள்கைப்படி அப்படி நடக்கக் கூடாது. எக்கிள்ஸ் தம் கட்சியை அங்கேயே விட்டுவிட்டார். ரசாயனம்தான் என்று ஒப்புக்கொண்டு, பிறகு அதே துறையில் வேலை செய்து 1963-ல் நோபல் பரிசையும் பெற்றார். படித்தவர்களிடம் இவ்வளவு சீக்கிரம் மனம் மாறுவது அபூர்வம்.

அவரும் கூட்டாளிகளும் 1950-களில் செய்த இன்னொரு சோதனை இன்னும் தெளிவானது. ஊசி வழியாக நரம்பணுவுக்குள் குளோரைடை வேண்டுமென்றே நிரப்பினார்கள். உடனே அடக்கும் ஆணை தலைகீழாகி, ஊக்கும் ஆணை போல வேலை செய்தது. ஓடுவது குளோரைடு என்பது இதனால் உறுதிப்பட்டது. எலிக்குட்டி பிறந்த சில நாட்கள் வரை இந்தத் தலைகீழ் நிலை இயற்கையாகவே இருக்கிறது. குளோரைடை வெளியே இறைக்கும் பம்பு அந்த வயதில் முழுதாக வேலைக்கு வந்திருக்காது. பம்பு வந்த பிறகுதான் காபா அடக்கும் சரக்காகிறது.

மண்ணிலிருந்து வரும் கத்தரிக்கோல்

ரண ஜன்னிக் கிருமி மண்ணிலும் சாணத்திலும் குதிரை லத்தியிலும் இருப்பது. காற்றில்லாத இடத்தில்தான் அது பெருகும். அதன் வித்துக்கள் ஆண்டுக்கணக்கில் மண்ணில் உயிரோடு கிடக்கும். கொதிநீரில் சற்று நேரம் போட்டாலும் சாவதில்லை. ஆழமான, வாய் சிறுத்த புண் கிடைத்தால் அதற்கு அதுவே போதும். ஆணி குத்தின குளம்பு, லாடம் அடித்த கால், ரப்பர் வளையம் போட்டுக் காயடித்த இடம், அறுத்த தொப்புள்கொடி, காதில் போட்ட துளை ஆகியவை எல்லாம் அதற்கு வாசல்கள். பெரிதாகத் திறந்து ரத்தம் ஓடிய வெட்டுக்காயத்தைவிட, மேலே ஆறி உள்ளே அழுகும் சிறு குத்துக்காயத்தைக் கண்டுதான் அதிகம் பயப்பட வேண்டும்.

கிருமி புண்ணைவிட்டு நகர்வதில்லை. அது வடிக்கும் நஞ்சுதான் பயணம் போகிறது. தசைக்கு வந்திருக்கும் நரம்பு நுனிக்குள் புகுந்து, நரம்புக்குள்ளேயே மேல்நோக்கி ஏறித் தண்டுவடத்தை அடைகிறது. காயம்பட்ட அன்றைக்கே நோய் வராமல் பல நாட்கள் கழித்து வருவதற்கு இந்தப் பயணமும் ஒரு காரணம். தண்டுவடத்தில் அது அடக்கும் நரம்புகளின் நுனிக்குள் தாவுகிறது. அங்கே என்ன செய்கிறது என்பது 1992-ல் தெரிந்தது. சரக்குப் பைகளைச் சவ்வோடு சேர்க்கும் புரதக் கயிற்றை, கத்தரிக்கோல் போல வெட்டிவிடுகிறது. பைக்குள் கிளைசினும் காபாவும் நிறைந்துதான் இருக்கின்றன. ஆனால் பை உடையாது, சரக்கு வெளியே வராது, எதிர்ப்பக்க மடை திறக்காது, குளோரைடு பாயாது. கடிவாளம் அறுந்த நரம்பணு சின்ன ஓசைக்கும் தொடுதலுக்கும் வெடித்துக்கொண்டே இருக்கிறது. மடக்கும் தசையும் நீட்டும் தசையும் ஒன்றாக இழுக்கின்றன. பலமான தசை எதுவோ அதன் பக்கம் உடல் வளைகிறது.

நஞ்சு நரம்புக்குள் போன பிறகு எதிர்நஞ்சு ஊசி போட்டாலும் அதைப் பிடிக்க முடியாது. வெளியே சுற்றிக்கொண்டிருக்கும் நஞ்சை மட்டுமே ஊசி முறிக்கும். வெட்டுப்பட்ட நுனிகள் சீராக வாரக்கணக்கில் ஆகும். அதுவரையில் பிழைத்திருக்க வேண்டும். நோய் கண்ட ஆட்டையும் மாட்டையும் இருட்டான, சந்தடியில்லாத கொட்டகையில் வைக்கோலை நிறையப் போட்டுக் கிடத்தச் சொல்வது இதனால்தான். கால்நடை டாக்டர் புண்ணைத் திறந்து சுத்தம் செய்வார். பெனிசிலின், எதிர்நஞ்சு, தூக்க மருந்து ஆகியவற்றைக் கொடுப்பார். குதிரை இந்நோயைத் தாங்காது. ஆடும் அப்படித்தான். மாடு சற்றுத் தாங்கும். தாடை பூட்டிக்கொண்ட விலங்கின் வாயில் கஞ்சியையோ கஷாயத்தையோ மூங்கில் குழாயால் புகட்டக் கூடாது. அது நுரையீரலுக்குப் போய்விடும்.

எட்டிக் கொட்டை

மலையடிவாரங்களிலும் காட்டோரங்களிலும் எட்டி மரம் ஆரஞ்சு நிறப் பழங்களோடு நிற்பதைப் பார்த்திருப்பார்கள். காஞ்சிரம் என்றும் சொல்வது இதைத்தான். பழத்துக்குள் சட்டைப் பித்தான் போலத் தட்டையான, பட்டு ரோமம் படர்ந்த கொட்டைகள். அதிலுள்ள ஸ்ட்ரிக்னின் என்ற நஞ்சை 1818-ல் பிரெஞ்சுக்காரர்களான பெல்லத்தியே, கவாந்து ஆகிய இருவர் பிரித்தார்கள்.

எட்டி விஷம் தாக்கியவரையும் ரண ஜன்னி கண்டவரையும் பக்கத்தில் பக்கத்தில் கிடத்தினால், வலிப்பை மட்டும் பார்த்து வித்தியாசம் சொல்வது கஷ்டம். ரண ஜன்னியில் சரக்கு வெளியே வருவதில்லை. எட்டியில் சரக்கு வருகிறது. ஆனால் அது உட்கார வேண்டிய இடத்தில் ஸ்ட்ரிக்னின் முன்னதாகவே போய் உட்கார்ந்திருக்கிறது. சாவித் துவாரத்தில் மெழுகை அடைத்தது போல. இது முக்கியமாகக் கிளைசின் மடையை அடைப்பது. 1960-களின் இறுதியில் ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் நடந்த ஆராய்ச்சிகள் இதைக் காட்டின. கிளைசின் ஓர் அடக்கும் சரக்கு என்று உலகம் நம்பியதற்கே எட்டிக் கொட்டைதான் பெரிய சாட்சி.

ரண ஜன்னி பல நாள் கழித்து வரும். எட்டி பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் காட்டிவிடும். கொடுமை என்னவென்றால், வலிப்பு வரும்போதும் நினைவு தப்புவதில்லை. மார்புத் தசைகள் விறைத்து மூச்சு நின்றுதான் மரணம் வருகிறது. சித்த வைத்தியத்தில் எட்டிக் கொட்டையைப் பல முறையில் சுத்தி செய்து மருந்துக்குச் சேர்க்கிறார்கள். அது படித்துத் தேர்ந்த வைத்தியரின் வேலை. மூட்டு வலிக்கென்று யாரோ சொன்ன அளவில் வீட்டில் அரைத்துத் தின்பது தற்கொலைக்குச் சமம்.

ஆஸ்திரேலியாவில் கொம்பில்லாத ஹெர்போர்டு இனக் கன்றுகள் சிலவற்றுக்கு, எட்டியும் தின்னாமல் ரண ஜன்னியும் வராமல் பிறவியிலேயே இந்த விறைப்பு இருந்தது. கன்று எழுந்து நிற்காது. தொட்டாலோ சத்தம் கேட்டாலோ கால்களை நீட்டி விறைக்கும். 1988-ல் அதன் தண்டுவடத்தைச் சோதித்தபோது கிளைசின் உட்காரும் மடைகளே மிகக் குறைவாக இருந்தன. தாயும் தகப்பனும் வெளிக்கு நன்றாக இருந்து, இருவரிடமும் மறைந்திருந்த குறை கன்றில் ஒன்று சேர்ந்ததன் விளைவு இது. நெருங்கிய உறவில் காளை சேர்ப்பவர்கள் இதைக் கவனிப்பது நல்லது.

பூச்சி மருந்தும் இதே மடையில்தான்

காபா மடையையும் அடைக்கும் பொருட்கள் உண்டு. குளத்தில் மீன் மயங்கப் போடும் காக்காய்க்கொல்லி விதையின் நஞ்சு அதில் ஒன்று. பூச்சிகளின் நரம்பிலும் காபா மடை இருப்பதால், ரசாயனத் தொழிற்சாலைகள் அறிந்தோ அறியாமலோ அதைக் குறிவைத்தே பல மருந்துகளைச் செய்தன. கிராமங்களில் பெயர் கேட்டாலே பயந்த எண்ட்ரின், டப்பா டப்பாவாகத் தூவிய பி.எச்.சி. தூளின் வீரியப் பகுதியான லிண்டேன், பின்னால் வந்த எண்டோசல்பான் எல்லாம் இந்த ஜாதிதான். பூச்சியின் குளோரைடு மின்சாரத்தை நிறுத்தி, நரம்பு அடங்காமல் துடித்துச் சாகும்படி செய்பவை. எண்ட்ரின் இந்தியாவில் 1990-ல் தடை செய்யப்பட்டது. பி.எச்.சி. 1997-ல் தடையாயிற்று. எண்டோசல்பானை 2011-ல் சுப்ரீம் கோர்ட் நிறுத்தியது. லிண்டேன் உபயோகம் 2013 முதல் தடையாகிவிட்டது. பழைய டப்பா எங்காவது பரணில் கிடந்தால் அதைத் தொடாமல் வேளாண்மை அலுவலரிடம் சொல்வது உத்தமம்.

நெல் குருத்துப் பூச்சிக்குப் போடும் பிப்ரோனிலும் இதே மடையை அடைப்பதுதான். மனிதனின் மடையைவிடப் பூச்சியின் மடையில் அது பலமாக ஒட்டுகிறது என்பது ஓர் அனுகூலம். ஆனால் தேனீயும் இறாலும் மீனும் தப்புவதில்லை. வயல் தண்ணீரை மீன் குட்டைக்குத் திருப்புகிறவர்கள் இதை மறக்கக் கூடாது.

ஆஸ்பத்திரிக்குப் போகும்போது மருந்து டப்பாவையும் எடுத்துப் போக வேண்டும் என்று சொல்வது சும்மா அல்ல. மோனோகுரோட்டோபாஸ் போன்ற மருந்துகள் நரம்பில் வேறோர் இடத்தைத் தாக்குபவை. அவற்றுக்கு அட்ரோபின் என்ற முறிவு மருந்து இருக்கிறது. காபா மடையை அடைக்கும் நஞ்சுக்கு அட்ரோபின் முறிவு அல்ல. தனி முறிவும் கிடையாது. மூச்சுக்கு வழி செய்து வலிப்பை அடக்க வேண்டியதுதான். அதற்குப் பயன்படும் டயசெபாம், மிச்சமிருக்கும் காபா மடைகளை அடிக்கடி திறக்கச் செய்து குளோரைடு மின்சாரத்தைப் பெருக்குவது. ரண ஜன்னிக்கும் எட்டி விஷத்துக்கும்கூட அதைக் கொடுக்கிறார்கள். கிளைசின் கைவிட்ட இடத்தில் காபாவை வைத்து ஒப்பேற்றுவது என்று சொல்லலாம். விஷம் குடித்தவருக்கு எண்ணெய், நெய், பால் புகட்டும் வழக்கம் இன்னும் போகவில்லை. எண்டோசல்பான் வகை நஞ்சு கொழுப்பில் கரைவது. நெய் கொடுத்தால் குடலிலிருந்து இன்னும் வேகமாக ரத்தத்துக்குப் போகும். வலிப்பிலும் மயக்கத்திலும் இருப்பவர் வாயில் எதையுமே ஊற்றக் கூடாது.

மருந்துக்குப் பூச்சி சாகவில்லை என்ற புகாருக்கும் இந்த மடையில் விடை உண்டு. பழ ஈயின் காபா மடையில் ஒரே ஓர் எழுத்து மாறினாற்போல, ஒரு அமினோ அமிலம் மட்டும் மாறியதால் எண்ட்ரினின் தமையனான டைல்ட்ரின் அதனிடம் செல்லாக்காசு ஆயிற்று. இது 1993-ல் தெரிந்தது. பசிபிக் கடலில் நியூ கலிடோனியா தீவில் எண்டோசல்பானுக்குச் சாகாத காபிக்காய்த் துளைப்பானிடமும் அதே இடத்தில் அதே மாற்றம் இருந்தது. ஒரே மடையைத் தாக்கும் மருந்துகளைப் பெயர் மாற்றி மாற்றித் தெளித்தால், அந்த மாற்றம் பெற்ற பூச்சிக்கு விதைநெல் கொடுத்தது போலத்தான். மருந்தை மாற்றுவதென்றால் தாக்கும் இடத்தையே மாற்ற வேண்டும்.

புழுவைத் தளர வைப்பது

குடற்புழு மருந்து இதே கதையின் மறுபக்கம். எருமைக் கன்றுக்கு உருண்டைப் புழுவுக்காகக் கொடுக்கும் பைபரசின், புழுவின் தசையில் உள்ள காபா மடையைத் திறந்துவிடுவது. புழு விறைப்பதில்லை, துவண்டுவிடுகிறது. குடல் சுவரில் எதிர்த்து நீந்த முடியாமல் சாணத்தோடு வெளியே வந்துவிடும். ஜப்பானில் சத்தோஷி ஓமுரா மண்ணிலிருந்து எடுத்த நுண்ணுயிரிலிருந்து பிறந்த ஐவர்மெக்டின், புழுவிடமும் உண்ணியிடமும் உள்ள, நம்மிடமும் மாட்டிடமும் இல்லாத வேறொரு குளோரைடு மடையைத் திறக்கிறது. இதற்காக 2015-ல் ஓமுராவுக்கும் வில்லியம் கேம்பலுக்கும் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. தட்டைப்புழுவுக்கும் நாடாப்புழுவுக்கும் இந்த மருந்து பலிக்காது, பணம் வீண். கறவை மாட்டுக்குப் போடுவதானால் பால் சம்பந்தப்பட்ட தடைக்காலத்தைக் கால்நடை டாக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஊசி போட்டால் போதும்

மற்றவற்றுக்கு எப்படியோ, ரண ஜன்னியை வராமலே தடுக்க முடியும். 1890-ல் பெர்லினில் பேரிங், கிட்டசாட்டோ ஆகிய இருவர் எதிர்நஞ்சைக் கண்டதிலிருந்து இந்த வழி வளர்ந்து வந்திருக்கிறது. சினை ஆட்டுக்குக் கடைசி மாதத்தில் தடுப்பூசி போட்டால் சீம்பால் வழியாகக் குட்டிக்குப் பாதுகாப்பு போய்விடும்; குட்டி பிறந்த உடனே அதைக் குடிக்க விட வேண்டும். தொப்புளில் டிங்சர் அயோடின் தடவ வேண்டும். சாணமும் சாம்பலும் வைக்கக் கூடாது. காயடிக்க ரப்பர் வளையத்தைவிடத் தோலை அறுக்காத பர்டிசோ இடுக்கி பத்திரமானது. சேற்றில் வெறுங்காலோடு நிற்கும் விவசாயிக்கும் இதே ஆபத்து உண்டு. சின்ன வயதில் முறைப்படி ஊசி போட்டவரானாலும் 10 ஆண்டுக்கு ஒரு முறை போட்டுக்கொள்ள வேண்டும். கர்ப்பிணிகளுக்கு ஊசி போட்டதாலும் பிரசவம் ஆஸ்பத்திரிக்கு மாறியதாலும், தாய்க்கும் பச்சைக் குழந்தைக்கும் வரும் ரண ஜன்னி இந்தியாவில் ஒழிக்கப்பட்டதாக 2015-ல் அறிவித்தார்கள். பெரியவர்களுக்கு வருவது இன்னும் நிற்கவில்லை.

ஒரு தடவை வந்து பிழைத்தவர்களுக்கு அம்மை போல இனி வராது என்று நினைப்பதும் தவறு. ஆளைக் கொல்லப் போதுமான ரண ஜன்னி நஞ்சு, உடல் அதை அடையாளம் கண்டு எதிர்ப்புச் சக்தி உண்டாக்கிக்கொள்ளப் போதாத அளவுக்குச் சிறியது. பிழைத்து வீடு திரும்புகிறவருக்கும் தடுப்பூசி போட்டே அனுப்புவார்கள்.